கிழவர் சொல்லாத ரகசியம்

கையில் வாள் இல்லை. வழி சொல்ல ஆள் இல்லை. சுற்றிலும் பாறை. நடுவே ஒரு சிறுவன் நிற்கிறான்.

அவன் பெயர் லிங்க். 'தி லெஜண்ட் ஆப் செல்டா' என்ற வீடியோ விளையாட்டின் கதாநாயகன்.

டெலிவிஷனோடு இணைத்து ஆடும் ஆட்டம் இது. ஜப்பானில் கியோட்டோ நகரத்து நிண்டெண்டோ கம்பெனி தயாரித்தது. 1986-ம் ஆண்டு பிப்ரவரி 21-ந் தேதி வெளிவந்தது. மறு ஆண்டு அமெரிக்காவுக்குப் போயிற்று. அங்கே தங்க நிற கேசட்டில் விற்றார்கள்.

கதை சின்னது. கேனன் என்ற கொடியவன் இளவரசி செல்டாவைச் சிறை பிடிக்கிறான். பிடிபடும் முன் அவள் ஞான முக்கோணத்தை எட்டுத் துண்டாக்கி, எட்டுப் பாதாளக் கோட்டைகளில் ஒளித்து விடுகிறாள். சிறுவன் அவற்றைத் தேடிச் சேர்க்க வேண்டும். பிறகு ஒன்பதாவது கோட்டைக்குள் புகுந்து கேனனைக் கொல்ல வேண்டும்.

இளவரசியை அரக்கன் தூக்கிப் போன கதை எந்த நாட்டில் இல்லை? கதையில் புதுமை இல்லை. புதுமை வேறு இடத்தில் இருக்கிறது.

திறந்து கிடக்கும் நாடு

அதே கம்பெனி 1985-ல் வெளியிட்ட 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தில் வலது பக்கம்தான் ஓட வேண்டும். வந்த வழியே திரும்ப முடியாது.

செல்டா அப்படி அல்ல. 128 திரைகள் கொண்ட ஒரு நாடே திறந்து கிடக்கிறது. மலை, காடு, ஆறு, கடற்கரை, சுடுகாடு எல்லாம் உண்டு. முதல் கோட்டையை விட்டு மூன்றாவது கோட்டைக்குப் போனாலும் தடுப்பார் இல்லை.

முதல் திரையிலேயே ஒரு கறுப்பு வாசல் தெரியும். அது குகை. உள்ளே ஒரு கிழவர் மர வாள் ஒன்று கொடுப்பார். குகையைக் கவனிக்காதவன் வெறுங்கையோடு அலைய வேண்டியதுதான்!

இந்தக் குகை எங்கிருந்து வந்தது?

ஆட்டத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஷிகெரு மியமோட்டோ. கியோட்டோ பக்கத்தில் சோனோபே என்ற ஊரில் 1952-ல் பிறந்தவர். சிறு வயதில் காடு மேடெல்லாம் சுற்றுவார். ஒரு நாள் ஒரு குகையைக் கண்டார். உள்ளே போகப் பயம். ஆனால் ஆசை விடவில்லை. பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு நுழைந்தார்.

அந்தப் பயமும் ஆசையும் அப்படியே ஆட்டத்துக்குள் வந்துவிட்டன. அதுதான் இதன் உயிர்.

பெற்றோருக்குப் பிடித்த வசதியும் ஒன்று உண்டு. விட்ட இடத்தை ஆட்டம் நினைவில் வைத்துக்கொள்ளும். ஜப்பானில் டிஸ்கில் பதிந்தது. அமெரிக்காவில் கேசட்டுக்குள் இருந்த சின்ன பாட்டரி அந்த வேலையைச் செய்தது. சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வரலாம், நாளைக்குத் தொடரலாம்.

எந்தப் புதர்?

குறை எங்கே? நிறை இருக்கும் இடத்திலேயே இருக்கிறது. இந்த ஆட்டம் எதையும் விளக்கிச் சொல்லாது.

சில ரகசியங்களுக்குக் குறிப்பு உண்டு. தேவதை வசிக்காத இடத்தில் ரகசியம் இருக்கிறது என்று ஒரு கிழவர் சொல்வார். தேவதை இல்லாத குளம் ஒன்று இருக்கிறது. அங்கே குழல் ஊதினால் தண்ணீர் வற்றி ஏழாவது கோட்டையின் படி தெரியும். இது நல்ல விடுகதை. விடை தெரிந்ததும் "அட!" என்று தோன்றும்.

ஆனால் வேறு பல ரகசியங்கள் மொட்டைப் பாறைக்குள் இருக்கின்றன. விரிசல் இல்லை, அடையாளம் இல்லை. வெடிகுண்டு வைத்துப் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் எட்டுக் குண்டுக்கு மேல் கையில் வைத்துக்கொள்ளவும் முடியாது.

புதர்களும் அப்படித்தான். நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. எதை எரித்தால் வழி திறக்கும்? நீல மெழுகுவர்த்தி ஒரு திரையில் ஒரு முறைதான் எரியும். வெளியே போய்த் திரும்பி வந்து அடுத்த புதரை எரிக்க வேண்டும்.

பாடுபட்டுப் பாறையைப் பிளந்தால் சில இடங்களில் ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பார். கதவைப் பழுது பார்க்கக் கூலி என்று 20 காசு பிடுங்கிக்கொள்வார். கண்ணுக்குத் தெரியாத கதவுக்குக் கூலி!

இன்னொரு வேடிக்கை. நீண்ட காதுள்ள ஒரு பிராணி உண்டு. ஜப்பானியக் கருவியின் கைப்பிடியில் மைக் இருந்தது. அதில் கத்தினால் பிராணி செத்துவிடும். அமெரிக்கக் கருவியில் மைக் கிடையாது. ஆனால் கூட வந்த புத்தகத்தில், அதற்குப் பெரும் சத்தம் ஆகாது என்று அச்சிட்டிருந்தார்கள். அதை நம்பிய குழந்தை குழல் ஊதிப் பார்க்கும். பிராணி அசையாது. உண்மையில் அதற்கு அம்புதான் மருந்து.

16 இதயம் சேர்த்திருந்தாலும், செத்துவிட்டால் மூன்று இதயத்தோடு மறுபடி புறப்பட வேண்டும். இதுவும் கொஞ்சம் கொடுமைதான்.

தனிப் பிள்ளை என்ன செய்யும்?

பிள்ளைகள் கண்டுபிடித்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும் என்றே ரகசியங்களை வைத்ததாக மியமோட்டோ கூறியிருக்கிறார். நல்ல எண்ணம். பத்துப் பிள்ளைகள் ஆடும் தெருவில் ஒருவன் பாறையைப் பிளப்பான், ஒருத்தி புதரை எரிப்பாள்.

ஆனால் அந்தத் தெருவில் ஆட்டம் வைத்திருப்பது ஒரே ஒரு பிள்ளை என்றால்? யாரிடம் கேட்கும்? குறிப்புக் கொடுத்து ஒளிப்பது விளையாட்டு. குறிப்பே கொடுக்காமல் ஒளிப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்த அநியாயம்.

இப்போது நிலைமை தலைகீழ். நிண்டெண்டோ 2018 முதல் சந்தாதாரர்களுக்கு இந்தப் பழைய ஆட்டத்தைத் தன் ஸ்விட்ச் கருவியில் தருகிறது. செல்போனைத் தட்டினால் 128 திரைகளின் படமும் வந்துவிடும். அதைப் பார்த்து ஆடினால் கேனன் சீக்கிரம் செத்துவிடுவான். ஆனால் குகை வாசலில் விளக்கோடு நின்ற அந்தப் பயம் வராது.

ஆகவே வீட்டில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஆடுவதே சரி. ஒருவர் ஆட, ஒருவர் படம் வரையட்டும். முழுப் படத்தைப் பத்து நாள் திணறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வரையக் கட்டம் போட்ட தாள் போதும். குறுக்கே 16 கட்டம், நெடுக்கே 8 கட்டம். ஆட்டம் தொடங்கும் திரை கடைசி வரிசையில், இடமிருந்து எட்டாவது கட்டம்.