பொம்மை இன்ஜினுக்கு எந்த நிற விளக்கு?

பழைய இன்ஜின் மாடல்களில் பளீரென்ற வெள்ளை எல்இடி வைக்கக் கூடாது என்பது என் கட்சி. சத்துவாச்சாரியில் என்னைப் போல ரிட்டயர் ஆகி, மாடி அறையில் மாடல் ரயில் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இரண்டு மூன்று பேர் உண்டு. மற்ற எல்லாவற்றிலும் ஒத்துப்போவோம், இதில் மட்டும் சண்டைதான். "வெளிச்சம் நல்லா வந்தா சரி சார், எந்தக் கலரா இருந்தா என்ன?" என்பார்கள். அப்படி விட்டுவிட முடியாது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்த்தேன். காட்பாடியிலிருந்து சீசன் டிக்கெட். லத்தேரி, குடியாத்தம், மேல்பட்டி, பச்சகுப்பம் என்று ஸ்டேஷன்களைத் தூக்கத்திலும் ஒப்பிப்பேன். வேலை முடிந்து இரவில் பிளாட்பாரத்தில் நின்றால், வாணியம்பாடிப் பக்கம் முதலில் ஒரு மஞ்சள் புள்ளி தெரியும். கொஞ்ச நேரம் அது அசையாமல் நிற்பது போலவே இருக்கும். பிறகு தண்டவாளம் இரண்டும் மினுங்க ஆரம்பிக்கும். டிபன் பாக்ஸ் பையை எடுத்துக்கொண்டு எல்லோரும் முன்னே நகர்வோம். அந்த ரூட்டில் போய் வந்த யாரைக் கேட்டாலும் அந்த வெளிச்சம் மஞ்சள் என்றுதான் சொல்வார்கள்.

காரணம் எளிது. அப்போது இருந்தது இழை சூடாகி எரியும் பல்பு. ஹாலஜன் ஆனாலும் அதன் நிறம் 3000 கெல்வினைச் சுற்றித்தான். இப்போது கடையில் 'கூல் ஒயிட்' என்று கொடுக்கும் எல்இடி 6000 கெல்வினுக்கும் மேல். அது உண்மையில் நீல விளக்கு. மேலே மஞ்சள் பாஸ்பரைப் பூசி நம் கண்ணுக்கு வெள்ளையாகக் காட்டுகிறார்கள். அந்த நீல எல்இடியைச் சாதித்ததற்காகத்தான் அகாசாகி, அமானோ, நாகாமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் 1962-ல் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிலிருந்து வந்து இறங்கிய டபிள்யூடிஎம்-2 டீசல் இன்ஜினின் நெற்றியில் அந்த நீல வெள்ளையை வைப்பது, கருப்பு வெள்ளைக் கல்யாண போட்டோவுக்குக் கம்ப்யூட்டரில் கலர் ஏற்றுவது மாதிரி. பார்க்க ஜோர்தான், நம்ம அத்தை மாதிரி மட்டும் இருக்காது.

எதிர்க்கட்சிக்கும் ஒரு நியாயம் உண்டு. ரயில்வேயே இப்போது இன்ஜின்களுக்கு எல்இடி ஹெட்லைட் போட்டு வருகிறது. ஆகவே இன்றைய டபிள்யூஏபி-7 மாடலுக்கு வெள்ளை வைத்தால் நான் வாய் திறக்க மாட்டேன். இன்ஜின் எந்த வருஷத்துப் பெயின்ட்டில் நிற்கிறதோ, அந்த வருஷத்து விளக்கு. அவ்வளவுதான் என் வாதம்.

நிறத்துக்கு அடுத்து அளவு. நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் ஹெச்ஓ வகை, அதாவது 87-ல் ஒரு பங்கு. ஒரு சாண் அகலமுள்ள பொருளை 87-ஆல் வகுத்தால் இரண்டரை மில்லிமீட்டர்தான் வரும். கடைக்காரர் கொடுக்கும் 3 மில்லிமீட்டர் எல்இடியை அப்படியே திணித்தால் இன்ஜினுக்குக் கண் பிதுங்கியது போல இருக்கும். 1.6-க்கு 0.8 மில்லிமீட்டர் அளவில் 0603 என்று ஒன்று வருகிறது, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பியை அதில் பற்றவைக்க வேண்டும். கை நடுங்கும் வயதில் இது வேண்டாத வேலை என்று வீட்டில் சொல்கிறார்கள். ஸ்டாண்டு வைத்த பூதக்கண்ணாடி ஒன்று வாங்குங்கள், கை தானாக அடங்கிவிடும்.

ஒட்டுவதற்கு ஃபெவிக்விக் மட்டும் வேண்டாம். அதன் ஆவி பட்டு முன்கண்ணாடி வெளுத்துப் போகும். கூட்டின் உள்பக்கம் கருப்பு பெயின்ட் அடியுங்கள். இல்லாவிட்டால் ஹெட்லைட் போட்டதும் இன்ஜின் முழுக்க நவராத்திரி கொலு போல ஒளிரும்.

பிரகாசத்திலும் பேராசை கூடாது. தண்டவாளத்தில் 12 வோல்ட், எல்இடி எடுத்துக்கொள்வது 3. மீதி 9 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். புத்தகக் கணக்கில் 20 மில்லிஆம்பியருக்கு 470 ஓம் போதும். நான் 2200 ஓம் போடுகிறேன். 4 மில்லிஆம்பியர்தான் ஓடும், அறை விளக்கை அணைத்தால் அது தாராளம். சாதாரண டிசி ரயிலில் இன்னொரு வசதி: முன்னும் பின்னும் உள்ள இரண்டு எல்இடிகளை எதிரெதிர் முனையாகச் சேர்த்து ஒரே ரெசிஸ்டரில் இணைத்துவிட்டால், வண்டி போகும் திசையில் உள்ள விளக்கு மட்டும் தானாக எரியும். திருப்பு மின்னழுத்தத்தில் ஒன்று கருகாமல் இன்னொன்று காக்கும். நல்ல மாமியார் மருமகள் ஏற்பாடு.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்பீர்கள். சென்னை ஐசிஎஃப் அருகிலுள்ள ரயில் மியூசியத்துக்குப் பேரனைக் கூட்டிப்போனேன். பழைய இன்ஜின்களைப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நின்றுவிட்ட இன்ஜினில் ஹெட்லைட் ஏது? இரும்பைக் காப்பாற்றிவிடலாம், வெளிச்சத்தை எங்கே வைப்பது? "தாத்தா, ராத்திரி இது எப்படி வரும்?" என்று கேட்டான். வீட்டுக்கு வந்து மாடி அறை விளக்கை அணைத்துவிட்டு அரை வேகத்தில் ஓட்டிக் காட்டினேன். "ஏன் தாத்தா மஞ்சளா இருக்கு, பேட்டரி தீர்ந்துபோச்சா?" என்றான். அவன் பார்த்த வெளிச்சமெல்லாம் வெள்ளை. அவனிடம் வெள்ளை எல்இடியைக் காட்டி "நாங்க போன ரயில் இதுதான்" என்று சொல்ல எனக்கு மனம் வராது.

வார்ம் ஒயிட் எல்இடி கிடைக்காதவர்கள், விசேஷத்துக்கு வாங்கிப் பாதி எரியாமல் பரணில் போட்ட சீரியல் செட்டைப் பிரித்துப் பாருங்கள். அதற்குள் நல்ல மஞ்சள் எல்இடி இருக்கும். 3 மில்லிமீட்டராக இருந்தால் தலையை அரத்தால் தட்டையாக ராவிப் பின்னால் தள்ளி வைக்கலாம். ஹெட்லைட் முடிந்தவர்கள் அடுத்து ஃபிளாஷர் விளக்கைக் கவனியுங்கள். விபத்து நேர்ந்தால் எதிரே வரும் வண்டியை எச்சரிக்க இன்ஜினில் மினுக்கும் மஞ்சள் விளக்கு அது. எங்கள் கூட்டத்தில் இன்னும் யாரும் அதை வைக்கவில்லை. தானாக மினுக்கும் எல்இடி இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன், கம்பி இழுக்கத்தான் இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.