பல்லி என்ன சாப்பிடும்?



ஒண்ணாவது, ரெண்டாவது படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் புலம்பல் இது: "எழுத்தெல்லாம் தெரியுது, புத்தகத்தைத்தான் தொட மாட்டேங்கிறான்." உடனே செல்போனைத் திட்டுகிறோம். சரி, அவன் கையில் நாம் கொடுத்த புத்தகம் எது?

பெரும்பாலும் நீதிக் கதைகள். அதில் நரி தந்திரம் செய்யும், சிங்கம் ராஜாவாக இருக்கும், காக்கா ஏமாந்துபோகும். கதைகள் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால், சில குழந்தைகளுக்கு "அப்புறம் என்னாச்சு?" என்பதைவிட "நிஜமாவா?" என்பதில்தான் ருசி. நிஜ நரி எலி பிடிக்கும், இலந்தைப் பழமும் தின்னும் என்று சொல்லிப் பாருங்கள், கண் விரியும். இவர்களுக்கென்றே இருப்பவைதான் விலங்குகள், பறவைகள், பூச்சிகளைப் பற்றிய சின்னச் சின்ன உண்மைப் புத்தகங்கள். எந்தப் பக்கத்தையும் முதலில் பிரிக்கலாம். படத்தில் தவளையைப் பார்த்ததுமே பக்கத்திலுள்ள சொல் பாதி வாய்க்கு வந்துவிடும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதில் அது எவ்வளவு பெரிய தைரியம்!

பல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று காலண்டரிலேயே போட்டிருக்கிறது. அது என்ன சாப்பிடும், அறுந்த வால் ஏன் துடிக்கிறது என்று குழந்தை கேட்டால்? "போய் ஹோம்வொர்க்கை முடி!"

கொசு, ஈசல், சின்னக் கரப்பான் இதெல்லாம்தான் சாப்பாடு. துடிக்கிற வாலை எதிரி பார்த்துக்கொண்டிருக்கும்போது பல்லி தப்பித்துவிடும். இவ்வளவுதானே?

இதையே புத்தகத்தில் எப்படி எழுதுவது? "பல்லி ஊர்வன வகுப்பைச் சார்ந்த முதுகெலும்புள்ள உயிரினமாகும்" என்று எழுதலாம். "வீட்டுப் பல்லிக்கு இமை இல்லை. கண்ணில் தூசியா? நாக்கால் துடைக்கும்" என்றும் எழுதலாம். இரண்டும் உண்மைதான். ஆறு வயதுக் குழந்தை எதை வாசித்துவிட்டுப் பாட்டியிடம் ஓடும்? தமிழில் என் கண்ணில் அதிகம் படுவது முதல் வகைதான். பளபள தாளில் கலர் போட்டோ, கீழே கல்லூரிப் பாடம். எழுதுபவர்களும் பதிப்பாளர்களும் கொஞ்சம் மனசு வைக்க வேண்டும்.

நல்லவை இல்லாமல் இல்லை. நம்ம சென்னையின் துலிகா பதிப்பகம் இருக்கிறது. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் புத்தகங்களை வாசிப்பு நிலை வாரியாக இலவசமாகவே படிக்கலாம். அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களும் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகத்தான் வந்திருக்கின்றன.

வாங்கும்போது அட்டையைப் பார்த்து மயங்காதீர்கள். கடையிலேயே ஒரு பக்கத்தைக் குழந்தையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வரிக்கு வரி தடுமாறினால் அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளலாம். நீங்களும் இரண்டு பக்கம் புரட்டுங்கள். சிலந்தியைப் பூச்சிகளோடு சேர்த்திருந்தாலோ, 'கூ...கூ' என்று கூவுவது பெண்குயில் என்று போட்டிருந்தாலோ அப்படியே வைத்துவிடலாம். பூச்சிக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு. கூவுவது கறுப்பு ஆண்குயில்.

தயவுசெய்து, வாசித்து முடித்ததும் "யானை எத்தனை கிலோ, சொல்லு?" என்று பரீட்சை வைக்காதீர்கள். பிள்ளை ஓடியே போய்விடும். அவன் சொல்வதைக் கேட்டு "அப்படியா!" என்றால் போதும்.

உங்கள் வீட்டுக் குட்டி வாசகர் திரும்பத் திரும்ப எடுக்கும் விலங்குப் புத்தகம் எது? பெயர், பதிப்பகம், விலையை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். தேடிக்கொண்டிருக்கும் மற்ற அம்மா அப்பாக்களுக்கும் உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்