விசாவில் எழுதியிருக்கும் தொழில் எது?

ஜும்ஆ முடிந்து காதர்பேட்டைத் தெருவில் நின்று பேசும்போது, மாதத்தில் ஒரு முறையாவது இந்தச் செய்தி காதில் விழுகிறது: "பையனுக்கு விசா வந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் வேலை." உடனே மாஷா அல்லாஹ் சொல்கிறோம், துஆச் செய்கிறோம். எந்த நாடு, என்ன சம்பளம் என்று விசாரிக்கிறோம். விசாவில் என்ன தொழில் எழுதியிருக்கிறது என்று கேட்பவர் ஒருவரும் இல்லை.

இதே காதர்பேட்டைக்கு ஸ்டாக் லாட் வாங்க வரும் வியாபாரி என்ன செய்கிறார்? மூட்டையைப் பிரிக்கிறார். மேலே உள்ள பத்து பீஸ் நன்றாயிருந்தால் போதாதென்று அடியில் கைவிட்டு உருவிப் பார்க்கிறார். தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா, அளவுச் சீட்டு ஒன்றும் துணி ஒன்றுமாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே விலை பேசுகிறார். நூறு ரூபாய் பனியனுக்குக் காட்டும் இந்த எச்சரிக்கையை, பெற்ற மகனை விமானம் ஏற்றும்போது நாம் எங்கே தொலைத்துவிடுகிறோம்?

நமக்கு நன்கு தெரிந்த ஓர் இளைஞர், தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணியாளர் பிரிவை இரண்டாண்டு படித்துத் தேறியவர். சாயப்பட்டறை ஒன்றில் பேனல் போர்டையும் மோட்டார்களையும் தனியாளாகப் பார்த்துக்கொண்டவர். உறவினர் வழியே வந்த விசாவில் வளைகுடா சென்றார். அங்கே அவர் செய்தது மின்வேலைதான். கிடைத்ததோ கூலியாளின் சம்பளம். கேட்டபோது, அவர் கையெழுத்திட்ட தாளையே எடுத்துக் காட்டினார்கள். தொழில் என்ற கட்டத்தில் அரபியில் 'ஆமில்' என்றிருந்தது. தொழிலாளி என்று பொருள். மின்பணியாளர் என்றால் 'கஹ்ரபாயீ' என்று இருந்திருக்க வேண்டும்.

வேதனை என்னவென்றால், அந்தத் தாளின் படம் அவர் புறப்படுவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் வீட்டுக்கு வந்திருந்தது. மக்தபில் அலிஃப், பா, தா கூட்டி வாசித்து, குர்ஆனை ஓதி முடித்த பிள்ளை அவர். வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் அந்த எழுத்துத் தெரியும். ஐன், அலிஃப், மீம், லாம்: நான்கே எழுத்து. ஒருவரும் வாசிக்கவில்லை. அரபி எழுத்தென்றால் கண்ணில் ஒற்றிக்கொள்ளத்தான் பழகியிருக்கிறோம் போலும்.

"சொந்தக்காரர் தரும் விசா. அவரிடம் போய் எழுத்தில் கேட்பதா? மனம் நோகாதா?" என்பார்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. தொகை சிறிதோ பெரிதோ, தவணையோடு எழுதிக்கொள்ளவும் சாட்சி வைத்துக்கொள்ளவும் அது பணிக்கிறது. அது நம்பிக்கையாளர்களை அழைத்துத்தான் பேசுகிறது. அந்நியரிடம் மட்டும் எழுதி வாங்கச் சொல்லவில்லை. இறைவன் இவ்வளவு விரிவாகச் சொன்னதை, மச்சான் முகம் வாடும் என்பதற்காக நாம் விட்டுவிடுகிறோம்.

'ஃப்ரீ விசா' என்ற வணிகமும் நம்மவர்கள் நடத்துவதுதான். பெயருக்கு ஒரு கஃபீல், வேலை வேறெங்கோ. அந்நாடுகளின் சட்டப்படி அது குற்றம். பிடிபட்டால் அபராதமும் நாடுகடத்தலும் பையனுக்கு, கமிஷன் நடுவருக்கு. அந்தக் கமிஷன் எந்த வகைச் சம்பாத்தியம் என்பதை ஆலிம் பெருமக்கள் மிம்பரில் நின்று பெயர் சொல்லாமலேனும் சொல்லட்டும். அந்தப் பணத்துக்காக உம்மாவின் வளையல் வட்டிக்கு அடகுக்கடை ஏறுவதையும் சேர்த்துச் சொல்லட்டும். வட்டி ஹராம் என்று ஊருக்கு உரைக்கும் வீடுகளிலேயே இது நடக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வோர் சட்டப்படி, ஆளனுப்பும் முகவர் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு ரூ. 30,000, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். பதிவு உண்மைதானா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் யாரும் பார்க்கலாம். லட்சங்களைக் கேட்பவர் சட்டத்தை மீறுகிறார். தமிழ்நாடு அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று உண்டு. நம் தெருவில் எத்தனை வீடுகளில் அதன் பெயர் தெரியும்? இன்னொன்றையும் பெற்றோர் அறிய வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறியவர் வளைகுடாவுக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. அதை நாம் வசதி என்று எண்ணுகிறோம். அரசு அதிகாரி ஒருவர் ஒப்பந்தத்தைப் பார்க்கும் கட்டமும் அதனோடு போய்விடுகிறது. அப்போது பார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.

மறுபக்கமும் உண்டு. மேஸ்திரியின் ஏணியைப் பிடித்து ஆறு மாதம் பழகிய பையனை 'எலக்ட்ரீஷியன்' என்று எழுதி அனுப்புபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். மின்சாரம் பொய்யைப் பொறுத்துக்கொள்வதில்லை. நம் ஊரில் நடைமுறையில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். பிரிட்டன் 2004இல் மாற்றிக்கொண்ட நிறமுறையில் பழுப்பு, கறுப்பு, சாம்பல் மூன்றும் ஃபேஸ், நீலம் நியூட்ரல். இங்கே நியூட்ரலாக இருந்த கறுப்பு அங்கே உயிரைக் குடிக்கும் கம்பி. நம்முடையது 50 ஹெர்ட்ஸ், சவூதியில் 60. டெஸ்டரை எடுத்துச் சோதித்துப் பார்த்த பிறகே கம்பியைத் தொட வேண்டும் என்ற ஒழுங்கு பயிற்சியில்தான் வருகிறது. 2023 ஜூனில் நம் காதர்பேட்டைச் சந்தையில் ஏறத்தாழ ஐம்பது கடைகள் எரிந்ததைக் கண்ணால் கண்டவர்கள் நாம். அடுத்த ஆண்டு ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்து நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர் மாண்டனர். அவர்களில் எழுவர் தமிழர். மின்கசிவே காரணம் என்று அந்நாட்டுத் தீயணைப்புத் துறை கூறியது.

நாடுகளும் விழித்துக்கொண்டன. சவூதி அரேபியா மின்பணியாளருக்குத் திறன் சரிபார்ப்புத் தேர்வு வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அந்நாட்டு உரிமம் இல்லாதவர் வீட்டு ஒயரிங்கைத் தனித்துத் தொடவே முடியாது.

போகாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களின் உழைப்பில் ஓடும் ஊர் இது. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போவதைக் குறை சொல்லும் உரிமை திருப்பூர்க்காரருக்குக் கிடையாது. (வந்தவர்களுக்கு நம் பனியன் கம்பெனிகளில் என்ன எழுதிக் கொடுக்கிறோம் என்று தனியாக ஒருநாள் பேச வேண்டும்.) தொழிலோடு போகட்டும், தாளோடு போகட்டும் என்கிறோம்.

திருப்பூரிலும் தாராபுரத்திலும் உடுமலைப்பேட்டையிலும் அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. பத்தாம் வகுப்புத் தேறினால் மின்பணியாளர் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டாண்டு முடித்து அகில இந்தியத் தொழிற்தேர்வில் தேறினால் தேசியச் சான்றிதழ். அந்த வயதைத் தாண்டி, கைவேலையில் தேர்ந்தும் சான்று இல்லாமல் நிற்பவர்களுக்கு மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கிறது. 21 வயதும் ஐந்தாண்டு ஒயரிங் அனுபவமும் கேட்கிறார்கள்.

பைத்துல்மால் நிதி மருத்துவத்துக்கும் மையித்துச் செலவுக்கும் போகிறது, போகட்டும். இந்தத் தேர்வுகளுக்கான கட்டணத்தையும் விமானச்சீட்டுப் பணத்தையும் வட்டியில்லாக் கடனாக எழுதிக் கொடுக்க நிர்வாகிகள் முன்வர வேண்டும். நிக்காஹ் பதிவேடு இருக்கும் அதே மேசையில், அஸருக்குப் பின் ஒரு மணி நேரம், அரபிக்குப் பொருள் சொல்லத் தெரிந்த ஆலிம் ஒருவரும் வளைகுடாவில் மின்வேலை பார்த்துத் திரும்பிய ஒருவரும் உட்காரட்டும். பாஸ்போர்ட்டையும் ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு பையனோடு அவன் உம்மாவும் வரட்டும். அடகு வைக்கப்போவது அவருடைய வளையல்தானே.