காது நம்முடையது, பட்டியலும் நம்முடையதாகட்டும்

கை ஓயாமல் உழைக்கும் ஊரில் காதுக்கு எப்போதும் அவகாசம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தென்காசியிலிருந்து இராஜபாளையம் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்த புளியங்குடியை எடுத்துக்கொண்டால், எலுமிச்சைச் சந்தையில் பருமனும் நிறமும் பார்த்துக் காய்களைத் தரம்பிரித்து மூட்டை கட்டுகிறவர்களும், வீட்டு நடையில் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டிச் சுற்றும் பெண்களும், விடியுமுன் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களும், தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் பேருந்தில் போய்வரும் மாணவர்களும் உத்தியோகஸ்தர்களும், கண்ணையும் கையையும் காரியத்துக்கு ஒப்புக்கொடுத்துவிட்டுச் செவியை மாத்திரம் தம் வசத்தில் வைத்திருப்பவர்கள் என்பது விளங்கும். அச்செவிக்கு எதை, எவ்வழியாக, எந்த ஒழுங்கில் கொடுப்பது என்பதுதான், கைப்பேசியில் எந்த பாட்காஸ்ட் செயலியை வைத்துக்கொள்வது என்னும் கேள்வியாக இன்று நம்முன் வந்து நிற்கிறது. கேள்வி சிறிதாகத் தோன்றினாலும், நாள்தோறும் நெடுநேரம் நம் மனத்துக்குள் யாருடைய குரல் புகவேண்டும் என்பதை அதன் விடையே நிர்ணயிப்பதால், அதை நிதானமாக ஆராய்வது நம் கடமையாகும்.

என் அபிப்பிராயத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் அதிகம் தென்படுவது எது, நண்பர்கள் பலரும் வைத்திருப்பது எது என்று பார்த்துச் செயலியைத் தேர்ந்தெடுப்பதைக் காட்டிலும், நாம் எந்த வேளையில், எந்த வேலையினிடையே, எவ்வகை விஷயத்தை, எவ்வளவு நேரம் கேட்கிறோம் என்பதை முதலில் கவனித்து, அந்தப் பழக்கத்துக்கு இணங்கி நடக்கும் செயலியை நாடுவதே விவேகம். அவ்வாறு நாடும்போதும், நாம் சேர்த்துவைத்த நிகழ்ச்சிகளின் பட்டியலை வேண்டியபோது எடுத்துக்கொண்டு வெளியேற இடங்கொடாத செயலி, வேறு சௌகரியங்கள் எத்தனை உடையதாயினும், இரண்டாம் பட்சமாகவே கருதத்தக்கது.

உழைப்பவர்கள் தம் செவியின்மீது உரிமை கொண்டாடியதற்குச் சரித்திரத்தில் அழகிய சான்றுகள் உண்டு. கியூபாவின் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில், 1865-ஆம் ஆண்டு முதற்கொண்டு, தொழிலாளர்கள் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருக்க ஒருவர் முன்னே அமர்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்க வாசிக்கும் சம்பிரதாயம் ஏற்பட்டது. வாசிப்பவருக்கு உரிய ஊதியத்தைத் தொழிலாளர்களே தம் கூலியிலிருந்து திரட்டிக் கொடுத்தார்கள். எந்த நூலை வாசிப்பது என்பதிலும் அவர்கள் விருப்பமே பிரதானமாக இருந்தது. நம் மலைக்கு அப்பால், கேரளத்துக் கண்ணூரில் 1969-இல் தோன்றிய தினேஷ் பீடிக் கூட்டுறவின் பணிக்கூடங்களிலும், ஒருவர் நாளிதழ் வாசிக்க மற்றவர்கள் பீடி சுற்றுவது வழக்கமாக இருந்தது. வாசித்தவருக்குக் குறைந்துபோன பீடிகளைக் கேட்டவர்கள் பகிர்ந்து சுற்றிக் கொடுத்தார்கள். கேட்பது என்பது சும்மா காதில் வந்து விழுவதன்று, நாமே தேர்ந்து, அதற்குரிய விலையையும் நாமே கொடுத்துப் பெறும் ஒரு செல்வம் என்பதை அந்த எளிய உழைப்பாளிகள் நன்கு அறிந்திருந்தார்கள்.

பின்னர் வானொலி வந்தது. திருநெல்வேலிக்கு 1963-இல் நிலையம் அமைந்ததும், அதற்கு முன்பும் பின்பும் இலங்கை வானொலி தென்மாவட்டங்களில் தெளிவாகக் கேட்டதும், 1941-இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசை 2017 வரை சிற்றலையில் ஒலித்ததும், இப்பகுதி மக்களின் செவியறிவைப் பெரிதும் வளர்த்த பாக்கியங்கள். ஆயினும் அங்கே நேரம் நிலையத்தின் நேரம்; நிகழ்ச்சி ஒலிக்கும்போது வீட்டில் இல்லாதவருக்கு அது இல்லாமலே போயிற்று. அந்தக் குறையைப் போக்க வந்ததுதான் பாட்காஸ்ட். 2000-ஆம் ஆண்டின் இறுதியில், இணையத்தளங்களில் புதிதாக வந்தவற்றை அறிவிக்கும் செய்தியோடை என்ற ஏற்பாட்டில் ஒலிக்கோப்பையும் சேர்த்தனுப்ப டேவ் வைனர் என்னும் அமெரிக்க மென்பொருள் வல்லுநர் வழிகண்டார். 2004-இல் ஆடம் கறி முதலியோர் அதை வளர்த்தனர். 2005 ஜூன் மாதத்தில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐட்யூன்ஸ் மென்பொருளில் அதற்கு இடம் கொடுத்ததும் அது உலகெங்கும் பரவிற்று.

இதன் அமைப்பை அறிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நிகழ்ச்சி நடத்துகிறவர் தம் ஒலிக்கோப்பை இணையத்தில் ஓரிடத்தில் வைத்து, அத்தியாயங்களின் பெயரும் தேதியும் முகவரியும் அடங்கிய செய்தியோடை ஒன்றையும் யாவருக்கும் பொதுவாக வெளியிடுகிறார். செயலி செய்வதெல்லாம் அவ்வோடையைப் படித்து, புதியது வந்தால் நமக்கு அறிவித்து, கேட்டபோது இறக்கித் தருவதே. நிகழ்ச்சி செயலிக்குச் சொந்தமன்று. ஒரே நிகழ்ச்சியை, அதன் ஓடையைப் படிக்க இடங்கொடுக்கும் எந்தச் செயலியிலும் கேட்கலாம். ஆதலால் ஒன்றை விட்டு வேறொன்றுக்கு மாறுவதால் நாம் எதையும் இழக்கவேண்டியதில்லை. நாம் தேர்ந்தெடுப்பது நமக்காக ஓடியாடி வேலை செய்யும் பணியாளை மட்டுமே என்ற தெளிவு இருந்தால், அப்பணியாளிடம் என்னென்ன குணம் வேண்டும் என்று கேட்பது எளிதாகிவிடும்.

முதலாவதாக, வீட்டிலிருந்தபடியே காலைமுதல் மாலைவரை கைவேலை செய்பவரைக் கருதுவோம். புகையிலைத் தூள் படிந்த விரலால் திரையை அடிக்கடி தொட அவரால் இயலாது. ஆகவே கேட்கவேண்டியவற்றைக் காலையிலேயே வரிசைப்படுத்தி வைத்துவிட்டால் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானே தொடங்க வேண்டும். அது அவர் வைத்த வரிசைப்படியே தொடங்கவேண்டுமேயன்றிச் செயலியின் யூகப்படி தொடங்கலாகாது. ஆண்ட்ராய்டு கைப்பேசி உடைய இத்தகையோருக்கு ஆன்டெனாபாட் என்னும் செயலியை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன். தன்னார்வலர்கள் பொதுநலம் கருதி வளர்த்துவரும் அதில் விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை, பெயரும் மின்னஞ்சலும் பதிந்து கணக்குத் தொடங்கும் நிர்ப்பந்தமும் இல்லை.

இரண்டாவதாக, பிரயாணத்தில் கேட்பவர். ஊருக்கும் ஊருக்கும் இடையில் சிக்னல் விட்டுவிட்டு வரும் சாலைகளில், முன்கூட்டியே இறக்கி வைத்ததுதான் துணை நிற்கும். வினாடிக்கு 128 கிலோபிட் தரத்தில் பதிந்த ஒருமணி நேர ஒலி சுமார் 58 எம்.பி.தான் பிடிக்கும், பேச்சுக்குப் போதுமான 64 கிலோபிட் தரமானால் அதில் பாதி, ஒருநாள் டேட்டாவில் இது மிகச் சிறு பகுதியே என்றாலும், புதிய அத்தியாயத்தை வைஃபை கிடைக்கும் இடத்திலேயே தானாக இறக்கிவைத்து, கேட்டு முடித்ததைத் தானாக நீக்கி இடத்தையும் மீட்டுத்தரும் செயலியே பிரயாணிக்கு உகந்தது. பேருந்தில் கைப்பேசியில் பாதி கேட்டு, மீதியை அலுவலகத்துக் கணினியில் விட்ட இடத்திலிருந்து தொடர விரும்புவோருக்கு, ஆஸ்திரேலியாவில் பிறந்து 2021-இல் ஆட்டோமேட்டிக் நிறுவனத்தின் கைக்கு வந்த பாக்கெட் காஸ்ட்ஸ் நல்ல சாதனம். அது ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஒருங்கே இயங்குகிறது. ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் ஐபோனிலேயே அமைந்து வருவதாயினும் ஆண்ட்ராய்டில் அதற்குச் செயலி இல்லையாதலால், நாளை வேறு கைப்பேசி வாங்க நேரலாம் என்பவர்கள் அதை யோசித்தே கைக்கொள்ள வேண்டும். 2019-இல் இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபை, பாட்டையும் பேச்சையும் ஓரிடத்தில் தரும் சௌகரியம் உடையது. ஆனால் அதன் பட்டியலில் இடம்பெறாத ஒரு நிகழ்ச்சியை, அதன் முகவரியைக் கையில் வைத்திருந்தாலும், கேட்பவரால் அதில் சேர்த்துக்கொள்ள இயலாது.

மூன்றாவதாகக் கேட்கும் விஷயத்தின் சுபாவத்தைக் கவனிக்க வேண்டும். செய்தியையும் சந்தை நிலவரத்தையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை. இலக்கியத்தை அவ்வாறு கேட்பது அதைக் கேளாமலே விடுவதற்குச் சமானம். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் திருநெல்வேலியில் வட்டத்தொட்டி என்னும் இலக்கியச் சபையைக் கூட்டியபோதும், பிற்காலத்தில் குற்றாலத்தில் வாழ்ந்தபோதும், கம்பன் செய்யுள் ஒன்றையே திரும்பத் திரும்பப் பாடிக் காட்டி, அதன் பாவம் கேட்பவர் உள்ளத்தில் இறங்கும்வரை காத்திருந்தார் என்பதை அவரோடு பழகியவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அவருடைய சபையில் மௌனத்துக்கும் பொருள் இருந்தது. இக்காலச் செயலிகள் சிலவற்றில், பேச்சினிடையே வரும் மௌனத்தை வெட்டிவிட்டு நேரத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு ஒன்று உண்டு. அரட்டைக்கு அது பொருந்தும், கவிதைக்கு அது கேடு. ஆன்டெனாபாடிலும் பாக்கெட் காஸ்ட்ஸிலும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனி வேகம் அமைத்துக்கொள்ள முடியும் என்பதால், செய்தியை விரைவாகவும் செய்யுளை அதன் இயல்பான நடையிலும் கேட்க ஒரே செயலி போதும்.

தொடர்கதை கேட்பவருக்கு வேறொரு தேவை உண்டு. கல்கியின் எழுத்துக்கள் 1999-இல் நாட்டுடைமையானபின் 'பொன்னியின் செல்வன்' பலர் குரலில் ஒலிவடிவம் பெற்றிருக்கிறது. ஆனால் பெரும்பாலான செயலிகள் புதிதாக வந்த அத்தியாயத்தையே மேலே காட்டும் வழக்கமுடையவையாதலால், புதிதாகக் கேட்க வருபவர் கதையின் முடிவிலிருந்து தொடங்கிவிடும் விபரீதம் நேர்கிறது. பழையது முதலில் வருமாறு வரிசையை மாற்றும் வசதியும், எந்த இடத்தில் நிறுத்தினோம் என்பதை மறவாத நினைவும், இரவில் கேட்டபடியே உறங்கிவிடுகிறவர்களுக்காகக் குறித்த நேரத்தில் தானே நின்றுவிடும் ஏற்பாடும் அவர்களுக்கு இன்றியமையாதவை. தமிழ் நிகழ்ச்சிகளின் பெயரைச் சிலர் தமிழ் எழுத்திலும் சிலர் ஆங்கில எழுத்திலும் பதிந்திருப்பதால், ஒருவகையில் தேடி அகப்படாததை மற்றொரு வகையிலும் தேடிப் பார்த்த பிறகே இல்லையென்று முடிவு செய்யவேண்டும்.

இவ்வளவும் சௌகரியத்தைப் பற்றியவை. இனிச் சொல்லப்போவது உரிமையைப் பற்றியது. 2018-இல் கூகுள் நிறுவனம் வெளியிட்ட பாட்காஸ்ட் செயலியைக் கோடிக்கணக்கான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் எளிதாக இறக்கிக்கொள்ள முடிந்தது. 2024-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அதை முதலில் அமெரிக்காவிலும் பிறகு மற்ற நாடுகளிலும் மூடிவிட்டது. அமெரிக்காவில் நெடுங்காலம் பிரசித்தி பெற்றிருந்த ஸ்டிச்சர் 2023 ஆகஸ்டில் நின்றுபோயிற்று. பெரிய ஸ்தாபனம் நடத்துவதால் நிலைத்திருக்கும் என்ற நம்பிக்கை ஆதாரமற்றது என்பதற்கு இவையே சாட்சி. ஆயினும் கூகுள் செயலி மூடப்பட்டபோது, தம் பட்டியலை ஓபிஎம்எல் என்னும் பொதுக் கோப்பாக எடுத்துக்கொண்டவர்கள் அதை வேறு செயலியில் இட்டு, ஒரு நிகழ்ச்சியையும் இழக்காமல் கேட்கலானார்கள். இத்தகைய கோப்பை ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறதா என்பதை, செயலியை நிறுவிய அன்றே அமைப்புப் பகுதியில் தேடிப் பார்ப்பதும், மாதம் ஒருமுறை அக்கோப்பை எடுத்துவைத்துக்கொள்வதும், சேமிப்புப் புத்தகத்தைப் பத்திரப்படுத்துவது போன்ற நல்வழக்கம்.

யூடியூப் ஒன்றே எல்லாவற்றையும் தருகிறதே, வேறு செயலி எதற்கு என்று கேட்பவர்கள் நம்மிடையே மிகப் பலர். அவர்கள் வாதத்தில் நியாயமும் உண்டு. பட்டிமன்றங்களும் ஆன்மிகச் சொற்பொழிவுகளும் விவசாய ஆலோசனைகளும் தமிழில் அங்கேதான் மலிந்து கிடக்கின்றன. பழகிய கைக்கு அது எளிது. ஆனால் கட்டணம் செலுத்தாதவர் அந்தச் செயலியில் திரையை அணைத்தால் பேச்சும் நின்றுவிடுகிறது. ஆகவே காதால் கேட்பதற்காகக் கண்ணுக்குரிய படத்தையும் ஓடவிட்டு, ஒலிக்கு ஆவதைப் போல் பல மடங்கு டேட்டாவையும் பேட்டரியையும் செலவிடுகிறோம். அதைவிடப் பெரிய விஷயம், ஒன்று முடிந்தவுடன் அடுத்தது எது என்பதை நம் விருப்பம் தீர்மானிக்காமல், நம்மை நெடுநேரம் பிடித்துவைக்க எது உதவும் என்னும் கணக்கே தீர்மானிப்பதாகும். உழவு பற்றிக் கேட்கத் தொடங்கியவர் அரைமணிக்குள் வீண் வம்பில் வந்து நிற்பதை அன்றாடம் காண்கிறோம். யூடியூபில் மட்டுமே கிடைப்பதை அங்கே கேட்போம்; பொது ஓடையில் கிடைப்பதைப் பொதுவழியில் கேட்போம் என்ற பாகுபாடு நமக்கு நன்மை தரும்.

இந்தப் பொறுப்பு கேட்பவர்களுடையது மட்டுமன்று. வானொலி நிலையங்களின் பழைய ஒலிப்பதிவுகளும், வேளாண் பல்கலைக்கழகத்தின் உரைகளும், மாவட்ட நூலகங்களில் நிகழும் சொற்பொழிவுகளும் மக்களின் வரிப்பணத்தில் விளைந்தவை. அவற்றை ஒரு நிறுவனத்தின் மேடையில் மாத்திரம் ஏற்றிவைக்காமல், எந்தச் செயலியாலும் படிக்கத்தக்க பொதுச் செய்தியோடையாகவும் வெளியிடுவது அரசு ஸ்தாபனங்களின் தர்மம். அறுபதுகளில் திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்பைக் கேட்டுப் பயிரிட்ட ஏ.டி.டி. 27 என்னும் நெல்லுக்குத் தஞ்சை விவசாயிகள் ரேடியோ நெல் என்றே பெயரிட்டு வழங்கினார்கள். செவிவழிச் செய்தி வயலையே மாற்றவல்லது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

வீடுகளில் பெரும்பாலும் இளைஞர்களே தாய்க்கும் பாட்டனாருக்கும் செயலியை நிறுவிக் கொடுக்கிறார்கள். தாம் பயன்படுத்துவதையே அவர்கள் கைப்பேசியிலும் ஏற்றிவிடுகிறார்கள். அவ்வாறு செய்யுமுன், அம்மா எந்த நேரத்தில், எந்த வேலையின்போது, யார் பேச்சை விரும்பிக் கேட்கிறார் என்று சற்றே உட்கார்ந்து விசாரித்து, அவர் விரும்பும் நிகழ்ச்சிகளை அவர் சொல்லும் வரிசையில் சேர்த்து, எழுத்தைப் பெரிதாக்கி, இரவில் தானாக இறக்கிக்கொள்ளுமாறு அமைத்து, அந்தப் பட்டியலின் பிரதி ஒன்றையும் எடுத்துவைத்துக் கொடுப்பார்களேயானால், அதற்கு ஆகும் அரைமணி நேரம் ஆண்டு முழுவதும் பலன் தரும். எந்தச் செயலி சிறந்தது என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. கேட்பவரின் பழக்கத்தை முதலில் விசாரித்தறிந்து, பட்டியலின் உரிமையை அவரிடமே விட்டுவைக்கும் எந்தச் செயலியும் அவருக்குச் சிறந்ததே.