செம்மஞ்சள் வரி

சுதந்திர தினம் அண்மிக்குந்தோறும் எம் வகுப்பறைகளிலே தேசியக் கொடி வரைதல் தவறாது நடைபெறும். சிங்கம் சிங்களவரையும், செம்மஞ்சள் வரி தமிழரையும், பச்சை வரி முஸ்லிம்களையும் குறிக்குமென்று சொல்லிக் கொடுப்போம். மாணாக்கரும் பரீட்சையில் அவ்வாறே எழுதிப் புள்ளி பெறுவர். யானும் பல்லாண்டுகள் இவ்வளவோடு நிறுத்தியவனே.

ஒருமுறை, ஹற்றனை அடுத்த தோட்டத்து லயமொன்றிலிருந்து வரும் மாணவன் எழுந்து, "சேர், எங்க தாத்தா ரொம்ப காலம் பிரஜாவுரிமை இல்லாம இருந்தாராம். அப்ப இந்த வரியில அவரும் இருந்தாரா?" என்று வினவினான். மணி அடித்தமையால் அன்று யான் தப்பினேன்.

வினா மிக நுட்பமானது. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்களித்தனர். நுவரெலியாத் தொகுதியிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான் பாராளுமன்றஞ் சென்றார். சுதந்திரக் கொடி ஏறிய 1948 ஆம் ஆண்டிலேயே 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. இரு வரிகளுஞ் சேர்ந்த கொடி ஏற்றுக்கொள்ளப்பட்டதோ 1951 மார்ச் 2 ஆந் திகதி! தமிழர்க்கென ஒரு வரி வந்தபோது, மலையகத் தமிழருட் பெரும்பாலார் நாடற்றோராய் நின்றனர். 1964 ஒப்பந்தப்படி 525,000 பேர் இந்தியாவுக்கெனக் கணக்கிடப்பட்டனர். எஞ்சிய நாடற்றோர்க்கு வழி திறந்த சட்டம் 2003 இலேதான் நிறைவேறியது.

இவற்றைப் பிள்ளைகட்கு உரைத்தாற் கசப்பு வளருமென்பர் சக ஆசிரியர் சிலர். யான் உடன்படேன். தாத்தாவின் கதையை வீட்டிற் கேட்டுவிட்டு வரும் பிள்ளை, பள்ளியில் அதனைக் காணாதபோதுதான் கசப்படைகின்றது. அன்றியும், கொடியே விவாதத்திற் பிறந்ததன்றோ? கொடிக் குழுவில் செனட்டர் நடேசன் மாறுபட்டு நின்றார்; நான்கு அரசிலைகள் 1972 இலேதான் மூலைகளில் இடம்பெற்றன. மனிதர் கூடிப் பேசி அமைத்த கொடி இது என்றறிந்த மாணவன், அதனைத் தன்னதென்று கருதுவதற்குத் தடையில்லை. நிறங்களை மாத்திரம் மனனஞ் செய்தவன் மறுநாளே மறப்பான்.

பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்துப் பெட்டியடியிலே பாட்டனாரின் பதிவுப் பிரஜைச் சான்றிதழோ, பழைய கடவுச்சீட்டோ கிடக்கக்கூடும். அதன் பிரதியொன்றைக் கல்லூரிக்குத் தந்துதவுங்கள். அடுத்த பெப்ரவரியில், மாணாக்கர் வரைந்த கொடிகளின் அருகே அவற்றையும் சுவரில் ஒட்ட எண்ணியுள்ளேன்.