மதர்போர்டு கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்

கொஞ்சம் நீளமான பதிவுதான். வீட்டிலோ கடையிலோ பழைய டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். பணம் சம்பந்தப்பட்ட விஷயம்.

பள்ளியில் கம்ப்யூட்டர் லேபைப் பல வருடம் பார்த்துக்கொண்டவன் என்பதால், ஓய்வு பெற்ற பிறகும் ஒரு கேள்வி என்னை விட்டபாடில்லை. "சார், பத்துப் பன்னிரண்டு வருஷத்து கம்ப்யூட்டர். மதர்போர்டு போயிடுச்சுன்னு சொல்றாங்க. விலை குறைவா ஒரு போர்டு வாங்கிப் போட்டுடலாமா, இல்ல புதுசே வாங்கிடட்டுமா?" கேட்பவர்களில் ஒருவர் டிடிபி சென்டர் வைத்துப் பிழைப்பவர். ஒருவர் தன் பேத்திக்குக் கல்லூரி விண்ணப்பம் போட வேண்டியவர். யாரும் பொழுதுபோக்குக்காகக் கேட்பதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழசு என்றாலே தூக்கிப் போடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதே சமயம், இருப்பதிலேயே மலிவான போர்டு ஒன்றை மாட்டிவிட்டு வருவதும் சிக்கனம் ஆகாது. போர்டின் விலையை மட்டும் பார்த்தால் சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்ற கதைதான். அந்த போர்டு நம்மை அடுத்து எதையெல்லாம் வாங்க வைக்கும், எத்தனை வருடம் ஓடும் என்று கணக்குப் போட்ட பிறகுதான் அது மலிவா இல்லையா என்று தெரியும்.

முதலில், போனது மதர்போர்டுதானா?

இதை உறுதி செய்யாமல் ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள். நம் ஊர் கரண்ட் ஏறி இறங்குகிற லட்சணத்தில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளைதான். நன்றாக வேலை செய்யும் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அடுத்தது ராம். கழற்றி, அதன் தங்க நிறக் காலை பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, ஸ்லாட்டை மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் தேதியும் நேரமும் பழையதாகிவிட்டால் போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். கேபினட்டைத் திறந்து பல்லி, எறும்பு, தூசி எல்லாவற்றையும் சுத்தம் செய்யுங்கள். போர்டில் சிறு உருளைகளாக நிற்கும் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலோ, ஏதாவது ஒழுகியிருந்தாலோ, அப்போது போர்டைச் சந்தேகப்படலாம். அதையும்கூடச் சில இடங்களில் கெபாசிட்டரை மட்டும் மாற்றிச் சரிசெய்து தருகிறார்கள். கடைக்காரர் "போர்டு டெட்" என்றால், "எதை வைத்துச் சொல்கிறீர்கள் தம்பி?" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார், காட்டுவார்.

போர்டு ஒரு தனிப்பொருள் அல்ல

மதர்போர்டை டியூப்லைட் மாதிரி கழற்றி மாட்ட முடியாது. எந்த பிராசஸர் எந்த சாக்கெட்டில் உட்காரும் என்பது கறாரான விதி. இன்டெல்லில் 2, 3-ஆம் தலைமுறை என்றால் 1155 சாக்கெட். 2013-இல் வந்த 4-ஆம் தலைமுறைக்கு 1150. 6, 7-க்கு 1151. 8, 9-க்கும் பெயர் 1151தான், ஆனால் பழைய 1151 போர்டில் அவை ஓடாது. 10, 11-க்கு 1200. 2021 கடைசியில் வந்த 12-ஆம் தலைமுறையிலிருந்து 14 வரை 1700. உங்கள் பிராசஸரின் பெயரைப் பார்த்தால் தலைமுறை தெரியும். ஐ3-4130 என்றால் 4-ஆம் தலைமுறை, ஐ3-12100 என்றால் 12.

ராமும் இப்படித்தான். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றுக்கும் நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் இன்னொன்று நுழையாது. ஆக, சாக்கெட் மாறினால் பிராசஸர் மாற வேண்டும், ராமும் பெரும்பாலும் மாற வேண்டும். சுமைகூலி என்று நான் சொன்னது இதைத்தான்.

வழி ஒன்று: அதே சாக்கெட்டில் வேறு போர்டு

நம் வீடுகளில் அதிகம் கிடப்பது 4-ஆம் தலைமுறை ஐ3, ஐ5. அதற்கு எச்81 போர்டு வேண்டும். பெரிய கம்பெனிகளின் எச்81 இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது. சின்ன பிராண்டுகள் இன்னும் விற்கின்றன. விலை பெரும்பாலும் இரண்டாயிரம் மூவாயிரத்துக்குள் முடிந்துவிடும். பழைய பிராசஸர், ராம், ஹார்ட் டிஸ்க் எல்லாம் அப்படியே பயன்படும். பிராசஸர் அவ்வளவு சீக்கிரம் கெடாத பொருள் என்பதால் இது நியாயமான வழிதான்.

ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். போர்டு புதிது, அதன் வடிவமைப்பு 2013-ஆம் ஆண்டுடையது. ராம் 16 ஜிபிக்கு மேல் ஏறாது. எம்.2 ஸ்லாட் இருக்கிறது என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். வேகமான எஸ்எஸ்டியை அதில் போட்டாலும் முழு வேகம் கிடைக்காது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே போதும். முக்கியமான விஷயம், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்பது இன்டெல்லில் பொதுவாக 8-ஆம் தலைமுறையும் அதற்கு மேலும், கூடவே டிபிஎம் 2.0. புது எச்81 போர்டு போட்டாலும் 4-ஆம் தலைமுறை 4-ஆம் தலைமுறைதான்.

ஆகவே இந்த வழி இருவருக்குப் பொருந்தும். ஒருவர், இன்டர்நெட் பக்கமே போகாமல் பேஜ்மேக்கரில் அழைப்பிதழும் நோட்டீசும் அடிப்பவர். இன்னொருவர், லினக்ஸுக்கு மாறத் தயாராக இருப்பவர். நம் பள்ளி லேப்களில் சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸில் பிள்ளைகள் பழகியதை நான் பார்த்திருக்கிறேன். லினக்ஸ் மின்ட் அதைவிடச் சுலபம். பழைய ஐ3-இல் 8 ஜிபி ராமும் ஒரு எஸ்எஸ்டியும் இருந்தால் மின்னஞ்சல், யூடியூப், தமிழ் தட்டச்சு எல்லாம் தாராளமாக ஓடும். பழைய விண்டோஸிலேயே பேங்க் வேலை பார்ப்பேன் என்பவருக்கு மட்டும் இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

வழி இரண்டு: புது தலைமுறைக்குத் தாவுவது

எச்610 போர்டு, 12-ஆம் தலைமுறை ஐ3, 8 அல்லது 16 ஜிபி ராம். ஏஎம்டி பக்கம் என்றால் ஏஎம்4 சாக்கெட்டில் ஏ520 போர்டும் ஒரு ரைசனும். தினமும் வேலை பார்த்துச் சம்பாதிப்பவருக்கு இதுதான் சரி. போர்டு விலை மட்டுமே எச்81-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல் வரும், பிராசஸரும் ராமும் தனி. போதாக்குறைக்கு 2025 பிற்பாதியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிறது. எச்610-இல் டிடிஆர்4 போடும் போர்டும் உண்டு, டிடிஆர்5 போடும் போர்டும் உண்டு. ராம் விலையைக் கேட்ட பிறகு போர்டைத் தேர்ந்தெடுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லையென்றால், இன்டெல்லில் பெயரின் முடிவில் 'எஃப்' போட்ட பிராசஸரை வாங்காதீர்கள். திரையில் படமே வராது.

வழி மூன்று: பலரும் யோசிக்காதது

அலுவலகங்கள் கழித்துவிடும் 8-ஆம் தலைமுறைக்கு மேற்பட்ட டெஸ்க்டாப்புகள் ரீஃபர்பிஷ்டு என்று விற்பனைக்கு வருகின்றன. சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கும், மற்ற ஊர்க் கடைகளிலும் கிடைக்கும். போர்டு, பிராசஸர், ராம் தனித்தனியாக வாங்கும் செலவில் முழு கம்ப்யூட்டரே அமையலாம். பில்லும் எழுத்தில் வாரண்டியும் கொடுப்பவரிடம் மட்டும் வாங்குங்கள். முக்கியமாக, உங்களுடையது கம்பெனி டெஸ்க்டாப் என்றால் இந்த வழியையே முதலில் பாருங்கள். பல கம்பெனி டெஸ்க்டாப்புகளில் போர்டின் வடிவமும் எஸ்எம்பிஎஸ் கனெக்டரும் அவர்களுக்கே உரியவை. வெளிப் போர்டு அந்த கேபினட்டில் உட்காராது.

கடைக்குப் போகும்போது

1. ஹார்ட் டிஸ்க்கை முதலில் கழற்றி, யுஎஸ்பி கேபிள் மூலம் வேறு கம்ப்யூட்டரில் போட்டு எல்லாவற்றையும் காப்பி எடுங்கள். போர்டு போனால் டேட்டா போகாது. போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேட்காமல் ஃபார்மட் செய்தால்தான் போகும்.

2. பின்பக்க போர்ட்டுகளைப் பாருங்கள். உங்கள் மானிட்டர் விஜிஏவா? டிவிஎஸ் கோல்டு கீபோர்டு பழைய உருண்டை பின்னா? டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் பேரலல் போர்ட்டா? போர்டில் இல்லையென்றால் கன்வெர்ட்டர் செலவு தனி.

3. உங்கள் பிராசஸரை மாட்டி, கடையிலேயே திரையில் படம் வருவதைக் காட்டச் சொல்லுங்கள். பயாஸ் பழையதாக இருந்து பிராசஸரை ஏற்காத சிக்கல் அங்கேயே தெரிந்துவிடும். தெர்மல் பேஸ்ட் புதிதாகத் தடவச் சொல்லுங்கள்.

4. புது போர்டின் சாக்கெட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியைப் பத்திரமாக வையுங்கள். உள்ளே பின் வளைந்திருந்தால் வாரண்டி கிடைக்காது.

5. விண்டோஸ் பற்றிக் கேளுங்கள். கம்ப்யூட்டரோடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் அந்த போர்டோடு கட்டப்பட்டது, போர்டு மாறினால் செல்லாமல் போகலாம். தவிர, பழைய முறையில் போட்ட விண்டோஸ் மிகப் புதிய போர்டுகளில் பூட் ஆகாமல் நிற்பதும் உண்டு.

6. ஜிஎஸ்டி பில் கட்டாயம். பில் இல்லாமல் நூறு இருநூறு குறைப்பவர் மூன்று வருட வாரண்டியை உங்களிடமிருந்து வாங்கிக்கொள்கிறார்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

"எல்லாம் செல்போனிலேயே ஆகிறதே சார்" என்பார்கள். பார்க்கிற வேலை ஆகும். உருவாக்குகிற வேலை ஆகாது. நூறு பக்கப் புத்தகத்தைச் செல்போனில் பக்கம் கட்டிப் பாருங்கள். நம் ஊர் ஆசிரியர்கள், டிடிபி தொழிலாளர்கள், ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் ஆகியோரின் இருபது வருட உழைப்பு வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், இந்தப் பழைய பெட்டிகளுக்குள்தான் தூங்குகிறது. யூனிகோடுக்கு மாற்றாத கோப்புகள் அவை. பெட்டியைக் காயலான் கடையில் எடைக்குப் போடும்போது அவையும் சேர்ந்து போகின்றன. ஒரு போர்டு மாற்றம் அந்த உழைப்புக்கு இன்னும் சில வருட அவகாசம் வாங்கித் தருகிறது. அந்த அவகாசத்தில் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

கழித்த போர்டைக் குப்பையில் போடாதீர்கள். அதில் ஈயம் போன்ற நச்சுப் பொருட்கள் இருக்கலாம். மின்கழிவுக்கென்று 2022-இல் வந்த விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே போய்ச் சேர வேண்டும்.

சுருக்கமாக என் தீர்ப்பு இது. இன்டர்நெட் தேவையில்லாதவரும் லினக்ஸுக்கு மாறுபவரும் அதே சாக்கெட்டில் போர்டு போடுங்கள். விண்டோஸ்தான் வேண்டும், செலவு குறைய வேண்டும் என்றால் ரீஃபர்பிஷ்டு வாங்குங்கள். கம்ப்யூட்டரை வைத்துச் சோறு தின்பவர் புது தலைமுறைக்குப் போங்கள், ஒரே வருடத்தில் இரண்டு முறை செலவழிக்க வேண்டியிருக்காது.

சந்தேகம் இருப்பவர்கள் பிராசஸர் பெயரையும் எந்த வேலைக்கு என்பதையும் கீழே எழுதுங்கள். தெரிந்தவரை பதில் சொல்கிறேன். என்னைவிட நன்றாகத் தெரிந்த பழைய மாணவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள், நீங்களும் கைகொடுங்கள்.