காரணம் எழுதாத சான்றிதழ் செல்லாது

மைசூரு, மண்டியா, குடகு மாவட்டங்களின் முன்னாள் படைவீரர்கள் குறட்டைக்காகவும் பகல் தூக்கத்துக்காகவும் மைசூரு மருத்துவர்களான நம்மிடம் வருகிறார்கள். தூக்க ஆய்வு செய்கிறோம், உறக்க மூச்சுத்தடை என்று எழுதுகிறோம், சி-பாப் கருவியைப் பரிந்துரைக்கிறோம். சிகிச்சைக்கு இது போதும். ஊன ஓய்வூதியம் கேட்பவருக்கு இது பாதிக் கிணறுதான்.

தூக்க ஆய்வு, நோய் இன்று இருப்பதைக் காட்டும். ஓய்வூதிய விதி கேட்பது வேறு: நோய் படைப்பணியால் வந்ததா, அல்லது பணியால் முற்றியதா? ஊனம் 20 சதவீதமாவது இருக்கிறதா?

இதில் மருத்துவரின் எழுத்துக்கு என்ன எடை என்பதை 2013ஆம் ஆண்டு தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டியது. 1985இல் சிக்னல்ஸ் பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்த அவர், வலிப்பு நோயால் 1994இல் வெளியேற்றப்பட்டார். நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்றது மருத்துவக் குழு. ஏன் என்று எழுதவில்லை. படையில் சேரும்போது நோய்க் குறிப்பு ஏதும் இல்லையென்றால் வீரர் நலமாக இருந்தார் என்றே கொள்ள வேண்டும், நிரூபிக்கும் பொறுப்பு அவருடையதல்ல என்றது நீதிமன்றம். காரணம் சொல்லாத மருத்துவக் கருத்து அங்கே நிற்கவில்லை. அந்த நியாயம் கிடைக்க, வெளியேறிய பின் அவருக்கு 19 ஆண்டுகள் ஆயின. காரணம் எழுதியிருக்கிறதா என்பதே நம் சான்றிதழுக்கும் உரைகல்.

எனவே நோயாளி கொண்டுவரும் பழைய கோப்பைப் பொறுமையாகப் புரட்டுங்கள். வருடாந்திர மருத்துவப் பரிசோதனைத் தாள்களில் எடையும் இரத்த அழுத்தமும் எந்த ஆண்டிலிருந்து ஏறுகின்றன என்று பாருங்கள். மூக்கில் அடிபட்டதா? முழங்கால் காயத்தால் ஓட்டம் நின்று, அதன் பிறகு எடை கூடியதா? அடுத்து, உடன் உறங்கியவர்களைக் கேளுங்கள். களப் பகுதிப் பணியில் குடும்பம் உடன் இருப்பதில்லை; மனைவி பார்த்தது பெரும்பாலும் விடுப்பு நாட்களைத்தான். மற்ற மாதங்களுக்குச் சாட்சி, பாரக்கில் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர். "குறட்டை நடுவில் நின்றுபோகும், பயந்து தட்டி எழுப்புவேன்" என்று அவர் சொன்னால், எந்த ஆண்டு, எந்த ஊர் முகாம் என்பதோடு எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

ஆய்வறிக்கையிலும் கவனம் வேண்டும். வீட்டில் செய்யும் எளிய ஆய்வு, தூங்கிய நேரத்தால் அல்லாமல் பதிவான நேரத்தால் வகுப்பதால் ஏ.எச்.ஐ. (மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற எண்) குறைந்து காட்டக்கூடும். 15ஐ ஒட்டி வந்தால் ஆய்வகத்தில் முழு இரவு ஆய்வு செய்வது நல்லது. தொண்டை அடைப்பால் வரும் தடையையும் மூளையின் கட்டளை நிற்பதால் வரும் தடையையும் பிரித்து எழுதுங்கள். லடாக் உயரத்தில் தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வருவது இரண்டாம் வகை. கீழே இறங்கினால் பொதுவாகச் சரியாகிவிடும். அதைக் காட்டி, இன்றைய தொண்டை அடைப்புக்குப் பணியே காரணம் என்று எழுதுவது தவறு.

ஓய்வு பெற்ற பிறகே எடை கூடியிருந்தால் அதையும் அப்படியே எழுத வேண்டும். இரக்கத்தால் எழுதும் ஒரு பொய், அடுத்து வரும் உண்மையான விண்ணப்பதாரரின் மீதும் சந்தேகத்தை ஏற்றும்.

அமெரிக்காவில் சி-பாப் தேவைப்பட்டாலே 50 சதவீத ஊனம் என்று விதி இருக்கிறது. அங்கும் நோய்க்கும் பணிக்கும் உள்ள தொடர்பைத் தனியே நிறுவியாக வேண்டும். இங்கே சதவீதத்தை மதிப்பிடுவது மருத்துவக் குழு. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய தகுதி விதிகள் நடைமுறைக்கு வந்திருப்பதால், எந்த விதி பொருந்தும் என்று தெரிய, படையை விட்டு விலகிய தேதியைக் கடிதத்தின் முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள்.

அறிகுறி தொடங்கிய ஆண்டு, அதற்கான சான்று, பணியோடு தொடர்பு உண்டா இல்லையா, ஏன்: இவை இல்லாமல் ஒரு கடிதமும் நம் மேசையை விட்டுப் போகக் கூடாது. கூடுதலாக அரை மணி நேரம் செலவாகும். அந்த அரை மணி நேரத்தை முன்னாள் படைவீரர்களுக்குத் தருவது நம் கடமை.